இரண்டு கைநாட்டுகள்

1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூருக்கு வந்த போலீஸ் கேட்டது கைரேகை. ஊர் மறுத்தது. துப்பாக்கி வெடித்தது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் இறந்தார்கள்.

அந்த ஊர் இன்றைய மதுரை மாவட்டத்தில், உசிலம்பட்டிப் பக்கம் இருக்கிறது. ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் தேனி. அங்கிருந்து தெற்கே சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் பள்ளத்தாக்கு. 1996இல் தேனி தனி மாவட்டமாகும் வரை எல்லாமே மதுரைதான். அந்த ஊர்க்காரர்களான பிறமலைக் கள்ளர்களின் கொண்டான் கொடுத்தான் உறவு கணவாயின் இரு பக்கமும் இருந்தது. அவர்கள் மேல் போட்ட சட்டமும் இரு பக்கமும் நடந்தது. புத்தகத்தில் அதன் பெயர் குற்றப் பரம்பரைச் சட்டம். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ரேகைச் சட்டம் என்றுதான் சொல்வார்கள்.

ஒரு விரலின் தடத்துக்காக ஏன் சாக வேண்டும்? பதிவேட்டில் ரேகை விழுந்த பிறகு நடப்பதை அவர்கள் பார்த்திருந்தார்கள். பேர் பதிந்தவன் இரவில் தன் வீட்டில் படுக்க முடியாது. போலீஸ் கச்சேரியிலோ சாவடியிலோ ஆஜராகி விடியும்வரை கிடக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். கல்யாணமான புதிதில்கூட மாப்பிள்ளைமார் கச்சேரித் திண்ணையில் படுத்த கதைகள் இந்தப் பக்கம் இன்னும் பேச்சில் இருக்கின்றன. 1871இல் வட இந்தியாவுக்கென்று வந்த சட்டம், 1911இல் மாற்றி எழுதப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1914இல் மதுரைக்கு அருகே கீழக்குயில்குடியில் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் ஊர் ஊராகப் பரவியது. பெருங்காமநல்லூர்க்காரர்கள் சட்டத்தின் பிரிவுகளைப் படித்தவர்கள் அல்லர். அது தங்களை என்ன செய்யும் என்பதை மட்டும் பிழையில்லாமல் படித்திருந்தார்கள்.

அந்தப் பதிவேடுகளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் இன்னொரு கேள்வியும் கூடவே வருகிறது. கட்டிப்போட்டவர்களின் தாள்கள் எண்ணிட்டு, கட்டுக் கட்டாக, கூரையின் கீழ் இருக்கின்றன. கட்டை அறுக்க எழுதியவர்களின் தாள்கள் எங்கே?

*

ரேகைச் சட்டத்தை அடிமை முறை என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. விற்கவில்லை, வாங்கவில்லை, சட்டப்படி அடிமை முறை எப்போதோ ஒழிந்துவிட்டது என்பார்கள். ஒழிந்த விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் அடிமை முறைக்கு எதிராகக் கம்பெனி அரசு கொண்டுவந்தது 1843ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம். நான்கே பிரிவுகள். மனிதரைச் சொத்தாகக் கருதி எந்த நீதிமன்றமும் உரிமை வழங்காது என்பது அதன் சாரம். அடிமை வைத்திருப்பது குற்றம் என்று அது சொல்லவில்லை. அப்படிச் சொல்ல, இந்தியத் தண்டனைச் சட்டம் 1862இல் நடைமுறைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் 1859இல் இன்னொரு சட்டம் வந்துவிட்டது. முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வராதவரை, வந்து பாதியில் போனவரை, முதலாளி மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். மூன்று மாதம் வரை கடுங்காவல் வாங்கித் தரலாம். 1920களின் நடுவில்தான் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். ஆளை விலைக்கு வாங்குவது போய், ஆளுக்குக் கடன் கொடுப்பது வந்தது. கடனைத் திருப்பித் தராதவனைச் சிறைக்கு அனுப்ப அரசே முன்வந்தது.

1859ஐயும் 1911ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இரண்டும் கேட்பது ஒன்றுதான்: ஆள் நகரக் கூடாது. நகர்ந்தால் குற்றம். ஒன்று கடனைக் காட்டிச் சொல்கிறது, மற்றது பிறப்பைக் காட்டிச் சொல்கிறது. ஆந்திரத்தின் ஸ்டூவர்ட்புரம் போன்ற குடியேற்றங்களில் பிறப்புக் காட்டிப் பிடிக்கப்பட்டவர்களின் உழைப்பு பக்கத்துப் புகையிலை ஆலைக்குப் போனது. தன் கால் தன் சொல் கேட்காத நிலைக்கு அடிமைத்தனம் என்பதை விடச் சரியான பெயர் எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் கட்டுரை பொய்யாகிவிடும். பள்ளத்தாக்கின் நஞ்சையில் தலைமுறை தலைமுறையாய்ப் பண்ணையாளாக இருந்த பள்ளர், பறையர், அருந்ததியர் குடும்பங்களைக் கட்டிப்போட ரேகைச் சட்டம் தேவைப்படவில்லை. ஊரே போதுமானதாக இருந்தது. ரேகைச் சட்டத்தில் நசுங்கியவர்களும் அந்த ஊரின் அங்கம்தான். கட்டுண்டவர்கள் மற்றவர்களைக் கட்டியதும் இதே மண்ணில் நடந்தது. ஆகவே விடுதலையின் தாள்களைத் தேடுகிறவர் தன் சாதியின் தாள்களோடு நிறுத்திக்கொள்ள முடியாது. நிறுத்திக்கொண்டால் அவர் சேர்ப்பது குலப்பெருமை, வரலாறு ஆகாது.

*

அமெரிக்காவின் பாஸ்டன் பொது நூலகத்தில் அடிமை எதிர்ப்பாளர்களின் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. 1831 முதல் 1865 வரை ‘லிபரேட்டர்’ பத்திரிகையை நடத்திய வில்லியம் லாயிட் கேரிசனும் அவருடைய தோழர்களும் எழுதியவை, அவர்களுக்கு வந்தவை. கேரிசனின் பிள்ளைகள் அவற்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் நூலகத்துக்குக் கொடுத்தார்கள். 2018இல் நூலகம் அந்தக் கையெழுத்துகளைப் பொதுமக்கள் முன் வைத்து, படித்து அச்செழுத்தில் எழுதித் தாருங்கள் என்று கேட்டது. உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் முகம் தெரியாதவர்கள் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தார்கள். பெரிய வாசகங்கள் மட்டும் அந்தக் கடிதங்களில் இல்லை. நிதி திரட்டப் பெண்கள் நடத்திய சந்தையின் வரவு செலவு, கூட்டத்துக்கு இடம் கிடைக்காத கவலை, காய்ச்சல், கோபம், தோழர்களோடு சண்டை எல்லாம் இருக்கின்றன. ஒரு போராட்டம் இத்தனை சிறிய வேலைகளால்தான் ஆனது என்பதை அவற்றிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

அந்த வட்டத்தின் கடிதங்களில் நம் நாடும் வருகிறது. வில்லியம் ஆடம் என்பவர் பாதிரியாராக வங்காளத்துக்கு வந்து, ராம்மோகன் ராயின் நண்பராகி, பின்னர் பாஸ்டன் போனவர். 1840இல் அவர் பிரிட்டிஷ் இந்தியாவின் அடிமை முறை பற்றி இங்கிலாந்தின் தாமஸ் ஃபோவல் பக்ஸ்டனுக்கு எழுதிய கடிதங்களை ஒரு நூலாக வெளியிட்டார். அதே காலத்தில் ஜார்ஜ் தாம்சன் என்ற இங்கிலாந்துப் பேச்சாளர் வேறொரு வழி சொன்னார். அமெரிக்காவின் அடிமைப் பருத்தியை விழத்தட்ட வேண்டுமானால் இந்தியாவில் சுதந்திரமான உழவர்கள் விளைவிக்கும் பருத்தியை வாங்கினால் போதும் என்றார். துவாரகாநாத் தாகூரோடு கப்பலேறி வந்து, 1843இல் கல்கத்தாவில் வங்காள பிரிட்டிஷ் இந்திய சங்கம் உருவாகத் துணை நின்றார்.

சுதந்திரமான இந்திய உழவர்! அந்த ஆண்டில்தான் இங்கே ஐந்தாவது சட்டமே வருகிறது. பருத்தி வாங்க நினைத்தவர்களுக்கு இந்திய வயல் சுதந்திர வயலாகத் தெரிந்தது. அந்த வயலிலும் அடிமை இருக்கிறார் என்று ஆடம் எழுதினார். ஒரே இயக்கத்துக்குள் இருந்த இந்த முரண் நமக்குத் தெரியக் காரணம், இரண்டு பேருமே எழுதினார்கள், எழுதியதை யாரோ பத்திரப்படுத்தினார்கள் என்பதுதான். நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, பருத்தியை நூலாக்கும் திண்டுக்கல், தேனிப் பக்கத்து ஆலைகளில் கலியாணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி இளம் பெண்களை ஆண்டுக்கணக்கில் விடுதியில் அடைத்து வேலை வாங்கினார்கள். சுமங்கலித் திட்டம், கேம்ப் கூலி என்று அதற்குப் பெயர். ஜார்ஜ் தாம்சனுக்கு எழுத வேண்டிய பதில் கடிதம் அந்த விடுதிகளில் இருந்தது.

பாஸ்டன் கடிதங்களைப் பற்றி யோசிக்கையில் ஒரு விஷயம் உறுத்துகிறது. எழுதியவர்களில் பெரும்பாலோர் அடிமையாக இருந்தவர்கள் அல்லர். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்து தன் கையாலேயே தன் கதையை எழுதிய ஃப்ரெடரிக் டக்ளஸின் 1845ஆம் ஆண்டு நூல்கூட, கேரிசனின் முன்னுரையோடும் வெண்டல் ஃபிலிப்ஸின் கடிதத்தோடும்தான் வெளிவந்தது. அடிமையின் வாக்குக்கு இரண்டு வெள்ளையர் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. விடுதலைக்கான தாள் எந்த நாட்டிலும் ஒருவர் மட்டும் எழுதியதாக இருப்பதில்லை. பட்டவர் ஒருவர், எழுதத் தெரிந்தவர் ஒருவர். அந்த இருவருக்கும் இடையே நடந்த பேச்சுதான் தாளில் இருக்கிறது. யார் சொல்லை யார் மாற்றினார், எதை விட்டார், எதைச் சேர்த்தார் என்பதையும் சேர்த்துத்தான் அதைப் படிக்க வேண்டும்.

*

நம் பக்கத்தில் அப்படி எழுதத் தெரிந்த ஒருவர் ஜார்ஜ் ஜோசப். 1887இல் செங்கன்னூரில் பிறந்த சிரியன் கிறித்தவர். எடின்பரோவிலும் லண்டனிலும் படித்து 1909இல் திரும்பிய பாரிஸ்டர். மதுரையில் வக்கீல் தொழிலுக்கு உட்கார்ந்தவர், 1918இல் ஹார்வி ஆலைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைத்தார். ரேகைச் சட்டத்தில் மாட்டிய கள்ளர்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடினார், பத்திரிகைகளில் எழுதினார். ஊர்க்காரர்கள் அவரை ரோசாப்பூ துரை என்று அழைத்தார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பேரை வைத்த குடும்பங்களும் உண்டு.

அவர் வேற்று மதத்தவர், வேற்று மொழிக்காரர். அவர் எப்படி இவர்களுக்காகப் பேசலாம் என்ற கேள்வி வேறொரு களத்தில் அவருக்கே வந்தது. 1924இல் வைக்கம் போராட்டத்துக்கு அவர் முன்னின்றபோது, அந்த வேலையை இந்துக்களே செய்யட்டும் என்று காந்தி ஏப்ரல் 6ஆம் தேதி அவருக்குக் கடிதம் எழுதினார். தீண்டாமை இந்துக்கள் கழுவ வேண்டிய பாவம் என்பது காந்தியின் நியாயம். ஒரு பொதுச் சாலையில் குடிமகன் நடக்கும் உரிமைக்கு மதம் இல்லை என்பது ஜோசப்பின் பக்கம். அவர் களத்தில் நின்றார். அந்த மாதமே கைதாகிச் சிறைக்குப் போனார். காந்தியின் அந்தக் கடிதம் அவருடைய தொகுப்பு நூல்களில் அச்சாகி எவரும் படிக்கக் கிடைக்கிறது. ஜோசப்பின் வாழ்க்கையைத் தாள்களிலிருந்து திரட்டி முழு நூலாக 2003இல் கொண்டுவந்தவர் அவருடைய பேரன், கணித வரலாற்றாசிரியர் ஜார்ஜ் கெவர்கீஸ் ஜோசப். இறந்த 1938இலிருந்து கணக்கிட்டால் அறுபத்தைந்து ஆண்டுகள். அதுவரை அவரைத் தாங்கியிருந்தது ஊர்க்காரர்கள் வைத்த பேர்.

பேர் வலுவானதுதான். ஆனாலும் பேர் ஒன்றே போதாது. ரோசாப்பூ துரையிடம் வந்தவர்கள் என்ன சொன்னார்கள்? எந்த ஊரிலிருந்து நடந்து வந்தார்கள்? யார் மனு எழுதினார்? அடியில் எத்தனை கைநாட்டு? நாம் கேட்க வேண்டியவை இவை.

கைநாட்டுக்கே ஒரு பிறப்புக் கதை உண்டு. 1858இல் வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, சாலைக்குக் கப்பி தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையில் மை தடவி ஒப்பந்தத்தின் பின்பக்கம் பதித்தார். கையெழுத்து என்னுடையது இல்லை என்று பிறகு சொல்லாதபடி மிரட்டி வைக்கவே அப்படிச் செய்ததாக அவரே எழுதியிருக்கிறார். நம்பாததால் பிறந்த தடம் அது. கோனாயின் உள்ளங்கையிலிருந்து மதுரைப் போலீஸ் பதிவேடு வரை அதன் வேலை ஒன்றுதான்: நீ மறுக்க முடியாது.

அதே பெருவிரல் மனுவின் அடியிலும் விழுந்தது. எழுதத் தெரியாதவர் தன் குறையைச் சொல்லி, இன்னொருவர் எழுத, கடைசியில் தானே மையில் விரலைத் தொட்டு வைத்த தடம். பதிவேட்டின் ரேகை பிடித்து எடுக்கப்பட்டது. மனுவின் ரேகை கொடுக்கப்பட்டது. மையும் விரலும் ஒன்று, ஆனால் ஒன்றில் அவர் குற்றவாளி, மற்றதில் வாதி. ஆவணக் காப்பகத்தில் இந்த இரண்டாவது கைநாட்டைத் தேடுவதற்கு ஒருவர் முதல் கைநாட்டு வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. அரசாங்கம் தன் உத்தரவைப் பத்திரமாக வைத்திருக்கும். அந்த உத்தரவை எதிர்த்து வந்த மனு, அதே கோப்பின் வயிற்றுக்குள் துணைத்தாளாகக் கிடக்கும். எழும்பூரின் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக் கோப்புகளை ஆண்டவர்களின் கண்ணால் மட்டும் படிக்காமல், துணைத்தாள்களின் பக்கமிருந்து படிக்கும் பழக்கம் நமக்கு வேண்டும். ஆனந்த் பாண்டியன் கம்பம் பள்ளத்தாக்கிலேயே தங்கி, அரசின் கள்ளர் சீரமைப்புத் திட்டத்து எழுத்துகளையும் ஊர்ப் பெரியவர்களின் பேச்சையும் எதிரெதிரே வைத்து 2009இல் ஆங்கிலத்தில் எழுதிய நூல் அப்படிப்பட்ட படிப்பு. சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்ட’மும் காவல் களவு வரலாற்றை ஆவணத்திலிருந்து நாவலுக்குக் கொண்டுவந்தது.

சென்னை மாகாணத்தில் ரேகைச் சட்டம் 1947இல் ஒழிந்தது. நாடு முழுவதற்கும் 1952 ஆகஸ்ட் 31. முத்துராமலிங்கத் தேவரும் பி. ராமமூர்த்தியும் ப. ஜீவானந்தமும் பேசியது நமக்குத் தெரியும். சாவடியில் படுத்து எழுந்து, காலையில் வயலுக்குப் போய், மாலையில் கூட்டத்துக்கு வந்தவர்கள் தெரியாது. சட்டம் கொண்டுவந்த காலத்தில் சீரமைப்பு என்ற பெயரில் தொடங்கிய கள்ளர் பள்ளிகள் இன்றும் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் நடக்கின்றன. எங்கள் பக்கம் எத்தனையோ வீடுகளில் முதல் கையெழுத்து அந்தப் பள்ளிகளில்தான் போடப்பட்டது. ரேகையை எடுத்த அரசே எழுத்தையும் கொடுத்தது. எழுத்தைப் பெற்றவர்கள் ரேகையைப் பற்றி எழுதினார்கள்.

*

பள்ளத்தாக்கின் மேற்கே மலை. கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் ஆள் ஏறிப்போவது நூறாண்டுக்கு மேலான வழக்கம். மூணாறு மலையிலிருந்து தேயிலை கயிற்று வழியில் கோட்டகுடிக்கு இறங்கிப் போடிக்கு வந்த காலமும் உண்டு. தேயிலை இறங்கியது, ஆட்கள் ஏறினார்கள். ஆளை ஏற்றியது, தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணியின் முன்பணம்.

அந்த முன்பணம் தாளில் எழுதப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை சாட்சி. அங்கே துண்டு என்றொரு சீட்டு இருந்தது. இந்தத் தொழிலாளியின் கடன் இவ்வளவு, இதைக் கட்டினால் ஆளை விடுவேன் என்று ஒரு தோட்டம் மற்றொரு தோட்டத்துக்குச் சொல்லும் சீட்டு. கடன் கைமாறும், கடனோடு குடும்பமும் கைமாறும். 1921இல்தான் அது ஒழிக்கப்பட்டது. தோட்டத்துக்குள் வெளியார் நுழையக் கூடாது என்ற காலத்தில், தஞ்சையிலிருந்து போன கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக உள்ளே போய்ப் பார்த்தார். பார்த்ததை எழுதினார். ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ என்று பத்திரிகைகள் நடத்தினார். 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டு எழுதி, கூட்டங்களில் தானே பாடினார். படிக்கத் தெரியாதவருக்குப் பத்திரிகை போய்ச்சேராது, பாட்டு போய்ச்சேரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சாரல்நாடன் என்ற மலையக எழுத்தாளர் பல ஆண்டுகள் தேடித் திரட்டி நூல்கள் எழுதியிராவிட்டால் நடேசய்யர் இன்று வெறும் பெயராக நின்றிருப்பார்.

ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல், நோயாளிகளிடமும் முதிய தொழிலாளர்களிடமும் கேட்டதை ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். நடேசய்யர் பத்திரிகையாளர், டேனியல் மருத்துவர், ஜோசப் வக்கீல். மூவரும் தங்கள் தொழிலின் எழுத்தை எழுதத் தெரியாதவரின் பக்கம் திருப்பினார்கள். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலமலை ஏறியவர்களுக்கு ஒரு சாரல்நாடன் இன்னும் வரவில்லை. அதிகாலை இருட்டில் தேவாரத்திலும் கம்பத்திலும் போடியிலும் ஜீப்புகளில் நெருக்கி உட்கார்ந்து மலைக்குப் போகும் பெண்களின் பாட்டிமார், எந்தக் கங்காணியிடம் என்ன வாங்கி, எத்தனை வருடம் கழித்தார்கள் என்பது வீட்டுப் பேச்சில் இருக்கிறது. 2015இல் மூணாற்றின் பெண் தொழிலாளர்கள், சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டுத் தாங்களே வீதிக்கு வந்து பெண்கள் ஒற்றுமை என்று நின்றார்கள். பெரும்பாலோர் தமிழ் பேசுகிறவர்கள். அவர்கள் கையால் எழுதிய தட்டிகள் இந்த வரலாற்றின் முதல் வகுப்புத் தாள்கள். தட்டிகளைப் பத்திரப்படுத்தும் பழக்கம் நமக்கு இல்லை.

*

கொத்தடிமை முறையை ஒழிக்கும் அவசரச் சட்டம் 1975 அக்டோபரில் வந்து, 1976 பிப்ரவரியில் சட்டமானது. கடனைக் காட்டி வேலை வாங்குவது அன்றோடு செல்லாது, கடனும் செல்லாது. மீட்கப்பட்டவருக்கு அதிகாரி ஒரு விடுதலைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். நம் காலத்தின் அடிமை எதிர்ப்புத் தாள் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அந்த ஒற்றைத் தாளைத்தான் சொல்வேன். கடன் ரத்தானதற்கு அதுதான் சாட்சி. மறுவாழ்வு உதவிக்கும் அதுதான் சாவி. 2016இன் திட்டத்தில் உடனடி உதவி 20,000 ரூபாய், பின்னர் 30,000 ஆனது. மீதிப் பெருந்தொகை வழக்கின் தீர்ப்போடு கட்டப்பட்டிருக்கிறது. தாள் தொலைந்தால் மனிதர் மறுபடியும் கடன்காரர்.

சட்டம் வந்ததும் கொத்தடிமை இல்லை என்று அரசுகள் சொல்லத் தொடங்கின. உச்ச நீதிமன்றம் நியமித்த குழு 1995இல் தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாக அறிக்கை கொடுத்தது. அரசு அதை ஏற்காமல் தானே எண்ணிச் சொன்ன கணக்கு அதில் மிகச் சிறிய பங்கு. உசிலம்பட்டி, ஆண்டிபட்டிப் பக்கத்துப் பிள்ளைகளை வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வெளிமாநில முறுக்குக் கம்பெனிகளுக்குக் கூட்டிப்போன கதையும், எண்ணெய்ச் சட்டியின் முன் அவர்களை மீட்ட செய்திகளும் மிகப் பழையவை அல்ல. அன்று ரேகை வைக்க மறுத்து மடிந்த அதே வட்டாரத்தில், அட்வான்ஸ் என்ற சொல்லுக்குப் பிள்ளைகள் போனார்கள்.

இந்தச் சட்டத்துக்கு உயிர் கொடுத்ததும் ஒரு கடிதம்தான். 1982 பிப்ரவரியில் பந்துவா முக்தி மோர்ச்சா என்ற அமைப்பு, ஃபரீதாபாத் கல்குவாரித் தொழிலாளர்களின் நிலையைச் சொல்லி உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதிக்குக் கடிதம் எழுதியது. நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு, குவாரிகளுக்கு ஆட்களை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னது. கடிதம் எப்படி மனுவாகும், பிரமாண வாக்குமூலம் எங்கே என்று ஹரியானா அரசு கேட்டது. வற்புறுத்தி வேலை வாங்கியிருந்தாலும், முன்பணம் கொடுத்ததற்கு ஆதாரம் இல்லாமல் கொத்தடிமை என்று எப்படிச் சொல்வது என்றும் கேட்டது. 1983 டிசம்பரில் வந்த தீர்ப்பு இந்த வாதத்தைத் தள்ளியது. கட்டாய வேலை என்று தெரிந்தால் அதன் பின்னால் முன்பணம் இருப்பதாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்றால் முதலாளி நிரூபிக்கட்டும். படிக்காத தொழிலாளியிடம் போய்த் தாள் கேட்பது கொடுமை என்பதே அந்தத் தீர்ப்பின் உள்ளம். 1976இன் சட்டத்திலேயே பதினைந்தாவது பிரிவு அதைச் சொல்லியிருந்தது. ஒரு கடன் கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், அது அப்படி இல்லை என்று மெய்ப்பிக்கும் பாரம் கடன் கொடுத்தவருடையது.

இந்தப் பிரிவு சட்டத்தோடு நின்றுவிடக் கூடாது என்பதுதான் நான் சொல்ல வந்தது. வரலாற்றை எழுதும்போது நாம் இன்னும் பழைய முறையிலேயே நிற்கிறோம். பட்டவரின் பேரப்பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கதையைச் சொன்னால், எழுத்தில் இருக்கிறதா என்று கேட்கிறோம். எழுத்து யாரிடம் இருந்தது? பதிவேடு போலீஸிடம், பேரேடு பண்ணையிடம், பற்றுக்கணக்கு கங்காணியிடம். எழுத விடாமல் வைத்திருந்துவிட்டு, எழுத்து எங்கே என்று கேட்பது 1983இல் ஹரியானா அரசு கேட்ட கேள்வி. நீதிமன்றமே தள்ளிய அந்தக் கேள்வியை ஆராய்ச்சியாளர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கலாமா?

வாய்மொழியெல்லாம் உண்மை என்று நான் சொல்லவில்லை. பெருமைக்காகக் கூட்டிச் சொல்லப்படுவதும், வெட்கத்தால் மறைக்கப்படுவதும் எல்லாச் சாதியின் பேச்சிலும் உண்டு. தாளைச் சோதிப்பதுபோல் பேச்சையும் சோதிக்கலாம். சோதிக்க முதலில் அது சேர்த்து வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

தேனிக்கு ஒரு விடுதலை ஆவணகம் வேண்டும். பெரிய கட்டிடம் தேவையில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா தனியொருவராகச் சேர்த்தவை இன்று சென்னையில் உலகம் தேடி வரும் நூலகமாக நிற்கின்றன. ஈழத்து எழுத்தையும் மலையகத்து எழுத்தையும் நூலகம் நிறுவனம் மின்வடிவில் சேர்த்து எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. முன்மாதிரிகள் தமிழிலேயே இருக்கின்றன. ராதாரிச் சீட்டு எந்தப் பெட்டியில் மிஞ்சியிருந்தாலும், பழைய மனுவின் நகல், சங்கத்து ரசீது, தோட்டத்துப் பற்றுச்சீட்டு, வக்கீல் குமாஸ்தாவின் குறிப்பு, விடுதலைச் சான்றிதழ், கூட்டத்து நோட்டீஸ் எதுவானாலும், நகலெடுத்துக்கொண்டு மூலத்தை அந்த வீட்டிலேயே விட்டுவர வேண்டும். மீட்கப்பட்டு உயிரோடு இருப்பவர்களின் பெயரை அவர்கள் சம்மதமின்றி வெளியிடக் கூடாது. கட்டிலிருந்து வந்தவரை மறுபடி ஒரு பட்டியலில் மாட்டும் உரிமை யாருக்கும் இல்லை. கள்ளர் வீட்டுத் தாளும் அருந்ததியர் வீட்டுத் தாளும் ஒரே அலமாரியில் இருக்க வேண்டும். கங்காணிக்கும் பண்ணைக்கும் வாரிசாக வந்தவர்களிடமும் போய்க் கேட்க வேண்டும். அவர்கள் வீட்டுப் பேரேடு இல்லாமல் இந்த வரலாறு பாதிதான். பதினைந்தாவது பிரிவின்படி பார்த்தால், கணக்குக் காட்ட வேண்டியவர்களும் அவர்களே.

கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளிலும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் படிக்கும் பிள்ளைகளை இந்த வேலைக்கு அழைக்கலாம். பாஸ்டனில் முகம் தெரியாதவர்கள் வந்து பழைய கையெழுத்தைப் படித்துத் தந்தார்கள். இங்கே பேத்தி தன் பாட்டியின் பேச்சை எழுதித் தர முடியும். பட்டவர் ஒருவர், எழுதத் தெரிந்தவர் ஒருவர் என்று எப்போதும் இரண்டு ஆளாக இருந்த வேலை, முதன்முறையாக ஒரே வீட்டுக்குள் நடக்கும். வக்கீலுக்காகவும் துரைக்காகவும் காத்திருக்கத் தேவையில்லாத தலைமுறை ஒன்று இந்தப் பள்ளத்தாக்கில் எழுதப் படிக்கத் தெரிந்து நிற்கிறது. அவர்கள் எழுதுவதை ஆதாரமாக ஏற்கும் கடமை நம்முடையது. அது பொய் என்று சொல்பவர் தன் பேரேட்டைக் கொண்டுவந்து காட்டட்டும்.